மாப்பிள்ளையின் மாண்டலின் பாடம்

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் அமிர்தலிங்கத்துக்குக் கால் தரையில் நிற்காது. மற்ற ஆறு நாளும் அந்தக் கால்கள் தோட்டத்து கேட்டை விட்டு அசைய முடியாது. தேயிலை பேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் சல்லடை மிஷினோடு மல்லுக்கட்டியவரை, ஐம்பத்தைந்து வயது ஆனதும் ஒரு மாலை போட்டு, "சும்மா இருந்தா ஒடம்பு கெட்டுப்போகும்" என்று அக்கறையாகச் சொல்லி, கேட்டில் ஜாகாவாக, காவல்காரனாக, உட்கார வைத்துவிட்டார்கள். லோரி வந்தால் கட்டையைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து லோரி வந்தால் அது திருவிழா. மிச்ச நேரத்துக்கு மூடுபனிதான் துணை. மூடுபனியோடு எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது?

செவ்வாய் அவருக்கு ஓய்வு நாள். காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஒரு வீடியோ டேப்பைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோலா தெர்லாவிலிருந்து கோசு ஏற்றிப்போகிற ஏதாவது லோரியில் தொற்றிக்கொள்வார். தானா ராத்தா டவுனில் மைதீன் பாய் சாப்பாட்டுக்கடை. சாயந்தரமானால் அங்கே தமிழ்ப் படம் ஓடும், அதற்காகவே ஒரு வீடியோ பெட்டியும் டிவியும் உயரத்தில் வைத்திருந்தார் மைதீன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்து படம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் கடை ஈ ஓட்டும். அந்த இரண்டு மணி நேரம் அமிர்தலிங்கத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

டேப்பை அனுப்பியது அவருடைய ஒரே மகள் நளினி. எழுபத்துநாலில், பத்தொன்பது வயதில், நர்ஸ் படிப்பு என்று ஸ்காட்லாந்துக்குப் போனவள். நாலு வருஷம் கழித்து அம்மா சரோஜா செத்தபோது வந்தாள், அதுவும் எரித்து மூன்றாம் நாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. எண்பத்தொன்றில் ஒரு போட்டோ மட்டும் வந்தது. சிவப்புத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் பக்கத்தில் அவள் புடவை கட்டி நின்றாள். பெயர் ஆண்ட்ரூ, மாண்டலின் வாத்தியார், கல்யாணம் முடிந்துவிட்டது, ஆசீர்வாதம் வேண்டும் என்று பின்பக்கம் எழுதியிருந்தது. அமிர்தலிங்கம் அந்தப் போட்டோவை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'நல்லா இருங்க' என்று இரண்டே வார்த்தை பதில் போட்டார். கோபம் ஒன்றும் இல்லை. வேறு என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து மாதம் ஒரு கடிதம். 'நான் இங்கு நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.' நலமில்லாதவர்களும் அதையேதான் எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பிள்ளை அங்கே சந்தோஷமாக இருக்கிறாளா? அனுப்பி வைத்தது நான்தானே, சரியாகத்தான் செய்தேனா? கேட்டு எழுதலாம். எழுதினால் மறுபடியும் 'நலம்' என்றுதான் வரும்.

அப்படி இருக்கும்போதுதான், எண்பத்தாறு பிப்ரவரியில் அந்தப் பார்சல் வந்தது. கூடவே ஒரு கடிதம். 'அப்பா, வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக இவர் ஒரு வீடியோ பாடம் எடுத்து விற்கிறார். எங்கள் வீட்டிலேயே எடுத்தது. கேமரா பிடித்தது நான்தான். உங்களிடமும் மாண்டலின் இருக்கிறது என்று சொன்னேன், ஒன்று அனுப்பச் சொன்னார். டிசம்பரில் வருகிறோம். மாமனாரும் மருமகனும் சேர்ந்து வாசியுங்கள்.'

மாண்டலின் இருந்தது உண்மை. தோட்டத்தில் நாடகம் போட்டவர்கள் ஒரு காலத்தில் கலைந்துபோனபோது, பின்னணி வாசித்ததற்குச் சம்பளம் தராமல் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன சாமான் அது. பத்துப் பதினைந்து சினிமாப் பாட்டு அவருக்கு வரும். நளினிக்கும் கொஞ்சம் வரும், சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். சரோஜா போனபிறகு அமிர்தலிங்கம் அதைத் தொடவில்லை. இப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, டவுனில் புதுக் கம்பி வாங்கிப் போட்டார்.

'சேர்ந்து வாசியுங்கள்' என்ற சொல்லை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். அவருக்கு வருகிற இங்கிலீஷ் 'யெஸ் சார்', 'நோ சார்', 'லோரி நோ கம் சார்' என்பதோடு சரி. இதை வைத்துக்கொண்டு மருமகனிடம் எவ்வளவு நேரம் பேசுவது? ஆனால் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே பாட்டை வாசித்தால், பேச்சே தேவையில்லை. நடுவில் மகள் உட்கார்ந்து கேட்பாள். அந்தக் காட்சியை அவர் மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தார் என்று கணக்கில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை மைதீன் டேப்பின் மேலட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்னாண்ணே இது, செல்டிக்குன்னு போட்டிருக்கு?"

"அவுங்க ஊருப் பாட்டு வகைலா, பாய். போடு, பாப்போம்."

டிவியில் தாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். முதல் வார்த்தையே 'கெல்டிக்' என்றார்.

"எளுதுறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. வெள்ளைக்காரனுக்கே குழப்பம்லா!" என்று மைதீன் சிரித்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மருமகன் பேசியது இங்கிலீஷ்தானா என்றே அமிர்தலிங்கத்துக்குச் சந்தேகமாகிவிட்டது. தகரத்தில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு எழவும் விளங்கவில்லை. எந்தக் கம்பி, எந்த விரல் என்று கையைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படிப் போனபிறகு மருமகன் கேமராவுக்குப் பின்னால் விரலை நீட்டி ஏதோ சொன்னார். அதில் இரண்டு வார்த்தை மட்டும் பளிச்சென்று காதில் விழுந்தது. 'மை வைஃப்'. என் பொண்டாட்டி.

அமிர்தலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருமகன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு வாசித்தார். ஆறு ஆறாக எண்ணுகிற நடை. ஒவ்வொரு தட்டும் கீழ்நோக்கி, ஒவ்வொரு சுரத்தையும் விரலால் இழுத்து, குழைத்து, அடுத்த சுரத்தில் கொண்டுபோய் விட்டார். வாசித்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினார். அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். படமே குலுங்கியது.

நளினி. பன்னிரண்டு வருஷமாகக் கேட்காத சிரிப்பு.

"பாய், கொஞ்சம் பின்னால ஓட்டு."

அன்றைக்கு மைதீன் பதினோரு தடவை பின்னால் ஓட்டினார். ஐந்தாவது தடவை அவரே பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, உங்க மருமவன் நம்மாளு மாதிரில வாசிக்கிறாரு? இழுத்து இழுத்து!"

"பின்னே? அஞ்சு வருசமா எம்மவகூட இருக்காருல்ல. பொண்டாட்டிக்குன்னு சொல்லிட்டு வாசிக்கிறாரு, கேட்டியா? தலைய ஆட்டுறதப் பாரு. சொக்கிப்போயி ஆட்டுறாரு."

நம் ஆட்களில் பாட்டு கேட்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால், அவன் சொக்கிப்போனான் என்று அர்த்தம். கோயிலில் நாதஸ்வரம் கேட்கிற கூட்டத்தைப் பார்த்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமிர்தலிங்கத்துக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

டேப்பில் அதற்குப் பிறகு மருமகன் அதே பாட்டை வேறு மாதிரியும் வாசித்தார். கீழே மேலே கீழே, கீழே மேலே கீழே என்று கை துள்ளியது. குழைவே இல்லை, ஆட்டுக்குட்டி மேடு இறங்குகிற ஓட்டம். அதைத்தான் டேப் முழுக்கத் திரும்பத் திரும்பக் காட்டினார். அது பெரிய கிளாஸ் பிள்ளைகளுக்கு என்று அமிர்தலிங்கம் முடிவு கட்டிவிட்டார். நமக்கு முதல் பாடம் போதும். மகள் சிரித்த பாடம்.

வீட்டில் வீடியோ கிடையாது. பார்த்ததை மனசில் ஏற்றிக்கொண்டு அடுத்த செவ்வாய் வரைக்கும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கேட் கொட்டகையில் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசிப்பார். விரல் நுனி வெடித்து, காய்த்து, மறுபடியும் வெடித்தது. ஆனால் ஒரு ஆச்சரியம், அந்த இழுப்பும் குழைவும் அவர் கைக்கு எடுத்த எடுப்பிலேயே வந்துவிட்டது. இந்த வயதிலும் தனக்கு இவ்வளவு ஞானம் இருக்கிறதா என்று அவருக்கே கொஞ்சம் கர்வம் தட்டியது. கம்போங் ராஜா போகிற லோரிக்காரர்கள், "என்னா பெரியவரே, கச்சேரி எப்ப, டிக்கெட்டு எவ்ளோ?" என்று கேலி பண்ணிவிட்டுப் போவார்கள். லோரிச் சத்தம் வளைவில் தேய்ந்ததும் மறுபடியும் பனி வந்து மூடும். யாரும் இல்லை. அவர் மருமகனோடு பேச ஆரம்பித்திருந்தார், தமிழிலேயே.

"இந்த எடத்துல சரியா வருதா, மாப்பிள்ள? அன்னைக்கு நீங்க இன்னுங் கொஞ்சம் இழுத்தீங்கல்ல?"

பாட்டில் அந்தக் குறிப்பிட்ட இடம் வந்ததும் ஒரு கணம் கையை நிறுத்துவார். அங்கேதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இடம் விட்டுவிட்டு மேற்கொண்டு வாசிப்பார். இப்போது ராத்திரியில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரும்போது பழைய கேள்வி அவரைக் குடையவில்லை. பிள்ளை சிரிக்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். புருஷன் அவளுக்காகக் கண்ணை மூடி வாசிக்கிறான். இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? இந்தப் பனியில் தனியாகக் கிடப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று தோன்றியது. பெரிய விஷயம்தான். ஆனாலும் தாங்கிக்கொள்ள முடிந்தது.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. 'அவருக்கு வேலை இருக்கிறது. நான் மட்டும் வருகிறேன்.'

அமிர்தலிங்கம் மூன்று நாள் மாண்டலினைத் தொடவில்லை. பத்து மாதம் உழைத்தது யாருக்காக? நாலாம் நாள் மனசைத் தேற்றிக்கொண்டு எடுத்தார். மருமகன் இல்லாவிட்டால் என்ன, அவன் பாட்டை நான் மகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவள் போய்ச் சொல்லட்டும்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி தானா ராத்தா பஸ் நிலையத்தில் நளினி இறங்கினாள். முப்பத்தொரு வயது. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "பஸ்சுல வளைஞ்சு வளைஞ்சு வந்து ஒரே மயக்கம்பா" என்றாள். இருக்கும் என்று அவரும் நினைத்துக்கொண்டார். நேராக மைதீன் கடைக்கு அழைத்துப் போனார். கடையில் யாரையெல்லாம் தெரியுமோ அவர்களிடமெல்லாம் மகளைக் காட்ட வேண்டியிருந்தது.

மைதீனுக்குத் தலைகால் புரியவில்லை. "வாம்மா, வாம்மா! உங்க வீட்டுக்காரரு டேப்ப நான் உங்கப்பாவவிட அதிகம் பாத்திருப்பேன். போடட்டா? நீ சிரிக்கிற எடம் எனக்கு அத்துப்படி."

நளினி கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தாள். "வேணாம் பாய். ரொம்ப டயர்டா இருக்கு."

"ஆமாலா, பாவம், பிள்ளைக்கிட்டப் போயி" என்று அமிர்தலிங்கம் மைதீனை அதட்டினார்.

மறுநாள் மத்தியானம். அவர் லீவு போட்டிருந்தார். நளினி பின்கட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று வாசித்து அவளை அசத்திவிட வேண்டும் என்று அவர் முன்கட்டில் ஓசைப்படாமல் உட்கார்ந்து, சுருதி பார்த்து, ஆரம்பித்தார். விரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, குழைக்க வேண்டிய இடத்தில் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி, மாப்பிள்ளை வாசித்த மாதிரியே வாசித்தார். அந்த இடம் வந்தது. வழக்கம்போல ஒரு கணம் கையை நிறுத்தினார்.

வாசல்கால் பக்கமிருந்து சிரிப்பு கேட்டது.

அதே சிரிப்பு. டேப்பில் கேட்ட அதே அளவு, அதே ஏற்றம். அமிர்தலிங்கம் பூரித்துப்போய்க் கண்ணைத் திறந்தார்.

நளினி நெத்திலிச் சட்டியோடு நின்றிருந்தாள். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இத ஏம்பா கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"ஏம்மா? மாப்பிள்ள உனக்குன்னு வாசிச்ச பாட்டுதானே? நல்லா வரலியா?"

"எனக்குன்னா?"

"மை வைஃப்னு சொல்றாருல்ல. சொல்லிட்டுத் தலைய ஆட்டி ஆட்டி..."

அவள் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு, நோயாளியின் வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்கிற நர்ஸ் குரலில், நிதானமாகச் சொன்னாள்.

"அவர் ரசிச்சுத் தலையாட்டலப்பா. அவுங்க ஊர்ல அது 'கூடாது, கூடாது'ன்னு ஆட்டுறது. 'எது எப்பிடி இருந்தாலும் எம் பொண்டாட்டி வாசிக்கிற மாதிரி மட்டும் வாசிச்சிடாதீங்க'ன்னு சொல்றாரு. நான் வாசிக்கிறத அப்பிடியே வாசிச்சுக் காட்டுறாரு. ரப்பர இளுக்கிற மாதிரி இருக்குன்னுவாரு. சரியான பாட்டு அதுக்கு அப்புறம் வர்றது."

அமிர்தலிங்கத்துக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. பத்து மாதம், ஊரெல்லாம் பெருமையடித்து, கூடாது என்று காட்டியதை மெனக்கெட்டுப் படித்திருக்கிறோமே என்று. பிறகுதான் மெதுவாக மற்றது புரிந்தது. அந்த இழுப்பு, அந்தக் குழைவு. அவளுக்கு அது யாரிடமிருந்து போயிருக்கும்? தன் கையே சுற்றிக்கொண்டு தன்னிடம் திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. அது போகட்டும். கை எக்கேடோ கெட்டுப்போகட்டும்.

"இது எத்தன பேருகிட்ட இருக்கு, இந்த டேப்பு?"

"முந்நூறு, நானூறு இருக்கும்பா. கடைக்குப் போனாக்கூட, 'நீதானா அந்த வைஃப்'னு கேப்பாங்க."

"அப்பறம் ஏம்மா எனக்கு அனுப்புன?"

"அவர்தான் அனுப்பச் சொன்னாரு. உங்களுக்கு அந்த இங்கிலீஷ் புரியாதுங்கிற தைரியம். நானும் அவருக்கு ஒத்துக்கிட்டு நலமா இருக்கிற மாதிரி எளுதிட்டேன்."

அமிர்தலிங்கம் மாண்டலினை மடியிலேயே வைத்திருந்தார். கேட்க வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்த ஒரு சிரிப்பை நம்பித்தானே இத்தனை மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"நீ சிரிச்சியேம்மா. வாய்விட்டுச் சிரிச்சியே. நான் கேட்டேனே."

நளினி தரையில் சிந்திய ஒரு நெத்திலியை எடுத்துச் சட்டியில் போட்டாள்.

"சிரிக்கலன்னா அவருக்குப் பிடிக்காதுப்பா."

வெளியே இலைச்சுமை லோரி ஒன்று மேடு ஏற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆத்திரம் வந்தது. மருமகன் மேல் வந்தது, அதைவிட 'நல்லா இருங்க' என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுச் சும்மா இருந்த தன் மேல் வந்தது. ஏன் ஒருதடவையாவது கேட்கவில்லை? 'நலம்' என்றுதான் வரும் என்று நாமே எப்படி முடிவு செய்தோம்?

"டிக்கெட்டு எப்ப?"

"இருவத்தெட்டாந் தேதி."

"போவணுமா?"

அவள் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மறுபடியும் நெத்திலி ஆயத் தொடங்கினாள். அவர் எழுந்துபோய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மாண்டலினை அவள் மடியில் வைத்தார்.

"நீ வாசி. ஒனக்கு எப்பிடி வருமோ அப்பிடி."

"வேணாம்பா, கையெல்லாம் மீன் நாத்தம்."

"இருக்கட்டும்லா, வாசி."

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, எத்தனையோ நாளாகத் தொடாதவள் போல முதலில் கம்பிகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். ஒவ்வொரு தட்டும் கீழ்நோக்கி, ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து. பாதிக்கு வந்ததும் கை தானாக நின்றது. தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். இப்போது சிரிக்க வேண்டுமா என்று கேட்கிற பார்வை அது.



"வாசிம்மா" என்றார்.